பின்வரிசை நாற்காலியும் புதுக் கிட்டாரும்

(மாணவர் கலை முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நேற்று ராத்திரி விவாதத்தில் ஒரு கேள்வி வந்தது. "நமக்குப் பறை இருக்கு, உறுமி இருக்கு, பம்பை இருக்கு. அப்புறம் எதுக்குக் கிட்டார்? அது மேட்டுக்குடிக் கருவி இல்லையா?" கேட்ட தோழர் கோபமாகத்தான் கேட்டார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கு. நம்முடைய கருவியைத் தீட்டு என்று சொன்னவர்கள் கையில் பார்த்த கருவியை நாம் ஏன் எடுக்கணும்? சரியான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே ஒரு அனுமானம் ஒளிஞ்சிருக்கு. இன்ன கருவி இன்னாருக்கு என்று யாரோ ஏற்கெனவே பிரித்து வைத்துவிட்டார்கள், அந்தப் பிரிவினையை நாமும் ஒத்துக்கொண்டோம் என்கிற அனுமானம். அதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

நான் இசை அறிஞன் இல்லை. கவிதை எழுதுகிறவன், பகலில் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து அடுத்தவர் பணத்தை எண்ணுகிறவன். அதனால் இசையைப் பற்றிப் பேசினாலும் எனக்கு முதலில் விலை, தவணை, ஜாமீன் இதெல்லாம்தான் கண்ணில் படும். பொறுத்துக்கொள்ளுங்கள். கதை நடக்கிற இடம் அமெரிக்கா. கதாநாயகன் கறுப்பர் கைக்கு வந்து சேர்ந்த ஒரு கருவி. ஹாலோ பாடி கிட்டார் என்று சொல்கிறார்களே, ஜாஸ் கிட்டார், அது.

1

முதலில் அது என்ன சாமான் என்று பார்த்துவிடுவோம். நம் ஊர் சர்ச்சுகளிலும் கல்லூரி விழாக்களிலும் பார்க்கிற சாதா கிட்டாருக்கு மேல்பலகை தட்டையாக இருக்கும், நடுவில் ஒரு வட்டத் துளை. ஜாஸ் கிட்டாருக்கு மேல்பலகை வயலின் மாதிரி வளைந்து மேடிட்டிருக்கும். வட்டத் துளை கிடையாது. இரண்டு பக்கமும் ஆங்கில எஃப் எழுத்து வடிவத்தில் இரண்டு துளை. வீணைக்காரர்கள் குதிரை என்று சொல்கிற பிரிட்ஜ், பலகையில் ஒட்டப்பட்டிருக்காது. கம்பிகளின் அழுத்தத்தில் சும்மா நின்றுகொண்டிருக்கும். உள்ளே கூடு, வெறும் காற்று.

மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்கிற ஊர். அங்கே ஓர்வில் கிப்சன் என்கிற கைவினைஞர் 1890களில் மேண்டலின்களுக்கு வயலின் போல் பலகையைச் செதுக்கிப் பார்த்தார். 1902இல் அவர் பெயரில் கம்பெனி வந்தது. 1922இல் அந்தக் கம்பெனி எல்-5 என்ற கிட்டாரை வெளியிட்டது. எஃப் துளையோடு வந்த முதல் பெரிய கிட்டார் அதுதான். மேலே ஸ்ப்ரூஸ் மரம், பின்னால் மேப்பிள் மரம். கையால் செதுக்கிய பலகை. விலையும் அதற்குத் தகுந்த மாதிரி.

எதற்காக இந்த வளைவும் செதுக்கலும்? கேட்கணும் என்பதற்காக. அந்தக் காலத்து ஜாஸ் பேண்டில் பதின்மூன்று பதினாலு பேர் இருப்பார்கள். டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன், பியானோ, டிரம்ஸ். இந்தக் கூட்டத்துக்கு நடுவே ஆறு கம்பியைத் தட்டிக்கொண்டிருப்பவன் சத்தம் எங்கே கேட்கும்? அதனால் அவனுக்கு இடம் பின்வரிசை, டிரம்ஸ் பக்கத்தில் ஒரு நாற்காலி. அவன் வேலை தாளம் காட்டுவது. ஒரு சுற்றுக்கு நாலு தட்டு, ராத்திரி முழுக்க. தனியாக வாசிக்க முறை வராது. வந்தாலும் யாருக்கும் கேட்காது.

அந்த நாற்காலியை நான் கேவலமாகச் சொல்லவில்லை. கவுன்ட் பேசியின் பேண்டில் ஃபிரெடி கிரீன் என்ற கறுப்பர் 1937இல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். 1987இல் சாகும்வரை ஏறக்குறைய ஐம்பது வருஷம் மின்சாரமே இல்லாமல் தாளம் மட்டும் போட்டார். அந்த பேண்டின் மூச்சே அவர்தான் என்று சொல்வார்கள். அது அவர் தேர்ந்தெடுத்த இடம். தேர்ந்தெடுத்து உட்காருவது வேறு, உட்கார வைக்கப்படுவது வேறு. இந்த வித்தியாசத்தை நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

2

1936இல் கிப்சன் கம்பெனி இஎஸ்-150 என்று ஒரு கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இஎஸ் என்றால் எலெக்ட்ரிக் ஸ்பானிஷ். அதே கூடு, அதே எஃப் துளை. ஆனால் உள்ளே கனமான காந்தக் கட்டைகள், அதற்குமேல் கம்பிச்சுருள் சுற்றிய ஒரு இரும்புத் தகடு, கம்பிகளுக்கு நேர் கீழே. இதற்கு பிக்கப் என்று பெயர். உருக்குக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும். புலம் அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். அந்த மின்சாரம் ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குப் போய்ச் சத்தமாக வெளியே வரும். பிளஸ் டூ இயற்பியல்தான், ஃபாரடே விதி. அந்த விதி பின்வரிசைக்காரனை முன்னே கொண்டுவந்துவிட்டது.

அந்த 150 என்கிற எண் விலையைக் குறிக்கிறது. கிட்டார், ஆம்ப், ஒயர் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 150 டாலர். இங்கேதான் என் வங்கி மூளை வேலை செய்கிறது. 1938இல் அமெரிக்காவில் முதல்முறையாக நாடு தழுவிய குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. மணிக்கு 25 சென்ட். கணக்குப் போடுங்கள்: 150 டாலருக்கு 600 மணி நேரம். அந்தச் சட்டப்படி வாரத்துக்கு 44 மணி நேர வேலை. அப்படியென்றால் சோறு தின்னாமல், வாடகை கொடுக்காமல், பதின்மூன்றரை வாரம் வேலை செய்தால் ஒரு கிட்டார்.

இதோடு முடியவில்லை. அந்தச் சட்டத்தில் இரண்டு பேரைச் சேர்க்கவே இல்லை. விவசாயக் கூலிகள், வீட்டு வேலைக்காரர்கள். தென் மாநிலங்களில் கறுப்பர்களில் பெரும்பகுதி இந்த இரண்டு வேலையில்தான் இருந்தார்கள். தோலின் நிறத்தைச் சட்டத்தில் எழுத வேண்டிய அவசியமே இல்லை, பாருங்க. தொழிலை எழுதினால் போதும். சாதியை எழுதாமலே சாதியை எழுதுகிற வித்தை நமக்குத் தெரியாததா? ஆக அந்த 600 மணிக் கணக்கும் கறுப்பருக்குப் பொருந்தாது. அவர் கணக்கு இன்னும் நீளம்.

3

இப்போது சார்லி கிறிஸ்டியனிடம் வருகிறேன். 1916இல் டெக்சாஸில் போனம் என்ற ஊரில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ஓக்லஹோமா சிட்டிக்கு வந்துவிட்டது. 1907இல் உருவான மாநிலம் ஓக்லஹோமா. அந்த மாநிலச் செனட்டின் முதல் மசோதாவே ரயிலில் கறுப்பருக்குத் தனிப்பெட்டி என்பதுதான். மாநிலம் பிறந்தவுடன் செய்த முதல் காரியம் அது. 1921இல் அதே மாநிலத்தில் டல்சா நகரத்தில் கறுப்பர்களின் கிரீன்வுட் பகுதியை வெள்ளையர் கும்பல் கொளுத்தியது. அப்போது சார்லிக்கு நாலு வயது.

அப்பா பார்வை இழந்தவர், பாட்டுக்காரர். பிள்ளைகள் அவர் கையைப் பிடித்து வெள்ளையர் தெருக்களுக்குக் கூட்டிப்போய் வாசிப்பார்கள். காசு கிடைத்தால் காசு, இல்லாவிட்டால் சாப்பாடோ பழைய துணியோ. அதே ஊரில் வளர்ந்த எழுத்தாளர் ரால்ஃப் எலிசன், 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' நாவலை 1952இல் வெளியிட்டவர், தன் தம்பியோடு படித்த சார்லியைப் பற்றி எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடக் கைத்தொழில் வகுப்பில் சுருட்டுப் பெட்டிகளை வைத்துக் கிட்டார் செய்வானாம் சார்லி. சுருட்டுப் பெட்டி! உள்ளே கூடு, மேலே மெல்லிய பலகை. அதுவும் ஹாலோ பாடிதான், தோழர்களே. கலமசூ தொழிற்சாலைக்கும் அந்த வகுப்பறைக்கும் நடுவில் இருந்தது அறிவின் தூரம் இல்லை, 150 டாலர் தூரம்.

அந்தத் தூரத்தை 1937 வாக்கில் அவர் தாண்டினார். எட்டி டர்ஹம் என்கிற கறுப்பர், டிராம்போனும் கிட்டாரும் வாசிப்பவர், கிட்டார் ஒலியை எப்படிப் பெருக்குவது என்று அதற்கு முன்பே பரிசோதனைகள் செய்துகொண்டிருந்தவர். ஓக்லஹோமா பக்கம் வந்தபோது சார்லியைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார். ஒரு கறுப்பர் இன்னொரு கறுப்பருக்குக் காட்டிக்கொடுத்த வழி அது. எந்தக் கல்லூரிப் பாடத்திட்டமும் இல்லை.

இஎஸ்-150 கைக்கு வந்ததும் சார்லி என்ன செய்தார்? பழைய தாளத்தைச் சத்தமாக அடிக்கவில்லை. சாக்ஸபோன்காரர் போல ஒவ்வொரு சுரமாக, நீளநீளமான வாக்கியங்களாக வாசித்தார். அவருக்கு முன்பே லானி ஜான்சன் போன்றவர்கள் தனிச்சுரம் வாசித்துப் பாதை போட்டிருந்தார்கள். ஆனால் ஒரு முழு பேண்டுக்கு எதிரே நின்று பேசுகிற பலம் இப்போதுதான் வந்தது.

4

1939 ஆகஸ்டில் ஜான் ஹாமண்ட் என்ற இசைத் தயாரிப்பாளர் அவரை லாஸ் ஏஞ்சலிஸ் வரவழைத்தார். பென்னி குட்மன் அப்போது நாடறிந்த வெள்ளையர் பேண்ட் தலைவர். பெவர்லி ஹில்ஸில் ஒரு உயர்தர உணவு விடுதியில் நிகழ்ச்சி. குட்மனுக்கு விருப்பமில்லை. சாப்பாட்டு இடைவேளையில் அவருக்குத் தெரியாமல் சார்லியின் ஆம்பை உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். எந்த வழியாக? சமையலறை வழியாக. கதையை எழுதியவர்கள் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள், ஒரு சுவாரசியத்துக்காக. நாம் சுவாரசியத்துக்காகப் படிக்க முடியாது. எந்த வாசல் யாருக்கு என்பது நமக்குத் தெரியும்.

மேடைக்கு வந்த குட்மன் 'ரோஸ் ரூம்' என்ற பாட்டைத் தொடங்கினார். இந்தப் பையனுக்குத் தெரியாது என்று நினைத்திருக்கலாம். மூன்று நிமிஷத்தில் முடிகிற பாட்டு முக்கால் மணி நேரம் ஓடியது. சார்லி வாசிக்க வாசிக்க முடிக்க மனசு வரவில்லை. அன்றைக்கே வேலை. அதுவரை ஒரு ராத்திரிக்கு இரண்டரை டாலர் வாங்கியவருக்கு வாரம் 150 டாலர் சம்பளம் ஆனது என்று எழுதியிருக்கிறார்கள். மறுபடியும் அதே எண். ஒரு வாரச் சம்பளம் ஒரு கிட்டார்.

அதே வருஷம் டிசம்பரில் 'டவுன் பீட்' பத்திரிகையில் சார்லி பெயரில் ஒரு கட்டுரை வந்தது. கிட்டார் வாசிப்பவர்களே விழித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் சாரம். மின்சாரக் கிட்டார் வந்துவிட்டது, இனிமேல் உங்களைக் கேட்காமல் யாரும் இருக்க முடியாது, எழுந்து வாசியுங்கள் என்கிறது. நம் சிறுபத்திரிகை மொழியில் சொன்னால் ஒரு துண்டுப் பிரசுரம். தனக்குக் கிடைத்ததைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் பின்வரிசை முழுவதையும் பார்த்துக் குரல் கொடுக்கிறது.

குட்மன் நிகழ்ச்சி முடிந்ததும் சார்லி ஹார்லெமுக்குப் போய்விடுவார். 118ஆம் தெருவில் மின்டன்ஸ் பிளேஹவுஸ். அங்கே கறுப்பர்கள் தங்களுக்காக வாசித்துக்கொண்ட ராத்திரிகளில்தான் பிறகு பீபாப் என்று பெயர் பெற்ற புதிய இசை முளைத்தது. 1941இல் ஜெர்ரி நியூமன் என்ற கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய் அதைப் பதிவு செய்தார். இன்றைக்கும் கேட்கக் கிடைக்கிறது. ஒரு தகவல்: அந்தக் கொலம்பியாவில்தான் 1913 முதல் 1916 வரை நம் பாபாசாகேப் படித்தார். ஹார்லெம் அங்கிருந்து நடந்து போகிற தூரம். 1946இல் அவர் கறுப்பின அறிஞர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதி, ஐநா சபைக்குக் கறுப்பர்கள் கொடுக்கும் மனுவின் பிரதி கேட்டார். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் தேடியிருக்கிறோம். கேட்கிற தூரத்தில்தான் இருந்திருக்கிறோம்.

சார்லிக்குக் காசநோய். நியூயார்க் ஸ்டேட்டன் தீவில் சீவியூ மருத்துவமனையில் 1942 மார்ச் 2ஆம் தேதி செத்துப்போனார். வயது 25. அந்த மருத்துவமனையில் வெள்ளைச் செவிலியர்கள் நோய்க்குப் பயந்து வேலையை விட்டுப் போக, தென் மாநிலங்களிலிருந்து கறுப்புச் செவிலியர்கள் வந்து அந்த வார்டுகளைத் தாங்கினார்கள். 1952இல் அதே இடத்தில்தான் ஐசோனியாசிட் மருந்தைச் சோதித்து வெற்றி கண்டார்கள். பத்து வருஷம் தாமதம். போனம் ஊரில் புதைத்தார்கள். 1994 வரை அந்தக் குழிக்கு ஒரு பெயர்க்கல் கிடையாது.

5

ஆனால் கிட்டார் நிற்கவில்லை. வடக்கு டகோட்டாவில் பிஸ்மார்க் என்ற ஊரில், குட்மனிடம் சேர்வதற்கு முன், சார்லி வாசித்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்க வந்தவர்களில் மேரி ஆஸ்போர்ன் என்ற இளம்பெண், வெள்ளையினத்தவர். கேட்ட மறுகணமே முடிவு செய்துவிட்டார். அதே மாதிரிக் கிட்டாரை வாங்கினார். ஆம்ப் வாங்கக் காசு பத்தவில்லையோ என்னவோ, நண்பர் ஒருவர் செய்து கொடுத்தார். பெண் கிட்டார் வாசித்தால் பாட்டுக்குத் துணையாக மட்டும் என்றிருந்த காலத்தில், ஜாஸ் மேடைகளில் ஆண்களோடு சமமாக நின்று வாசித்தார். தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் வெஸ் மாண்ட்கமரி. 1923இல் இண்டியானாபொலிஸில் பிறந்த கறுப்பர். வெல்டர் வேலை. கல்யாணம் ஆன புதிதில், இருபது வயது வாக்கில், சார்லியின் இசைத்தட்டைக் கேட்டுவிட்டு ஒரு மின்சாரக் கிட்டாரும் ஆம்பும் வாங்கினார். புதுக் கல்யாணம், கூலி வேலை, கையில் கிட்டார். வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேலை முடிந்து ராத்திரிதான் பழக முடியும். பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் போட்டார்கள். அதனால் பிளெக்ட்ரம் என்கிற மீட்டும் வில்லையைக் கீழே வைத்துவிட்டு, கட்டை விரலின் சதையால் மெதுவாக வாசித்தார். அந்த மெத்தென்ற நாதம்தான் பிறகு உலகம் முழுக்க வெஸ் மாண்ட்கமரி நாதம் என்று பெயர் வாங்கியது. இட நெருக்கடியிலிருந்து, ஏழைக் குடியிருப்பின் மெல்லிய சுவரிலிருந்து வந்த நாதம் அது.

நோட்டு வாசிக்கத் தெரியாது. சார்லியின் இசையைத் தட்டைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தார். ஏழு பிள்ளைகள். பகலில் தொழிற்சாலை, ராத்திரி ஒரு பார், அது மூடியதும் விடியும்வரை இன்னொரு இடம். 1960இல் அவருடைய முக்கியமான தட்டு வந்தபோது வயது 37. 1968இல் மாரடைப்பில் போனார், வயது 45. உழைத்துத் தேய்ந்த உடம்பு.

6

கருவி கைக்கு வந்துவிட்டது, வாசித்தாயிற்று. பெயர் யாருக்கு? 1961இலும் 1962இலும் கிப்சன் கம்பெனி கலைஞர்கள் பெயரில் ஹாலோ பாடி கிட்டார்கள் வெளியிட்டது. ஜானி ஸ்மித், பார்னி கெசல், டால் ஃபார்லோ. மூவரும் பெரிய கலைஞர்கள், சந்தேகமே இல்லை. பார்னி கெசல் ஓக்லஹோமாக்காரர், சிறுவயதில் கறுப்பர் பேண்டில் வாசித்துக் கற்றவர், சார்லியைக் குருவாக நினைத்தவர். மூவரும் வெள்ளையர். அதே வருஷங்களில் அதே கம்பெனியின் எல்-5 மின்சாரக் கிட்டாரை உலகம் முழுக்கக் கேட்க வைத்தவர் வெஸ். அவர் பெயரில் கிட்டார் எப்போது வந்தது? 1993இல். செத்து 25 வருஷம் கழித்து.

இதற்கு முன் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். 1928, 29இல் லானி ஜான்சனும் எட்டி லாங் என்ற இத்தாலிய வம்சத்து வெள்ளையரும் சேர்ந்து அற்புதமான இசைத்தட்டுகள் பதிவு செய்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக வாசித்தது தட்டின் மேல் தெரியக்கூடாது. அதனால் எட்டி லாங்குக்கு 'பிளைண்ட் வில்லி டன்' என்று ஒரு கறுப்பர் பெயரை வைத்துவிட்டார்கள். இரண்டு கிட்டார் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். இரண்டு பெயர் உட்காரக் கூடாது. சமபந்தி போஜனத்தைப் பற்றி நாம் எழுதியதெல்லாம் ஞாபகம் வருகிறது இல்லையா?

7

இப்போது நேற்றைய கேள்விக்கு வருகிறேன். கிட்டார் மேட்டுக்குடிக் கருவியா?

கருவிக்குச் சாதி இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. அது பொய். இங்கே கருவிக்குச் சாதி இருக்கு. மிருதங்கத்துக்கு மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் போட்டு வார் பிடிக்கிற கை ஒரு சாதி. சபாவில் உட்கார்ந்து அதை வாசிக்கிற கை பெரும்பாலும் இன்னொரு சாதி. 2020இல் டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுத வேண்டியிருந்தது. அதுவரை அவர்கள் பெயர் எந்தக் கச்சேரி நோட்டீசில் இருந்தது? தோல் ஒன்றுதான். பறையில் இருந்தால் தீட்டு, மிருதங்கத்தில் இருந்தால் தெய்வீகம்.

அதனால்தான் சொல்கிறேன்: இந்தக் கருவி உனக்கு, இது உனக்கில்லை என்கிற பட்டியலைத்தான் நாம் கிழிக்க வேண்டும். பறையைச் சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று கீழே வைத்த ஊர்கள் இருக்கு. அதே பறையை நிமிர்ந்து மேடைக்குக் கொண்டுவந்த குழுக்கள் இருக்கு. இரண்டும் கலகம்தான். இரண்டிலும் முடிவெடுத்தவர்கள் நாம். கிட்டாரை எடுப்பதும் அப்படித்தான். சார்லி கிறிஸ்டியன் கிட்டாரை எடுத்ததால் வெள்ளையர் ஆகிவிடவில்லை. ஸ்பெயினிலிருந்து வந்த கருவி, வயலினைப் பார்த்துச் செதுக்கிய பலகை, கலமசூவின் வெள்ளையர் தொழிற்சாலை, இத்தனையையும் கடந்து அது கறுப்பர்களின் குரலாக ஆகிவிட்டது. கையை மாற்று, கருவி மாறும்.

தனிப்பட்ட ஒன்றும் சொல்லிவிடுகிறேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நானும் ஒரு ஹாலோ பாடி கிட்டார் வாங்கினேன், கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கடன் போட்டு. கடை பெயர் வேண்டாம். சுவரில் உயரத்தில் மாட்டியிருந்ததைக் காட்டி, அதை எடுங்க என்றேன். விற்கிற பையன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அது ஜாஸுக்கு சார், உங்களுக்கு இது போதும்" என்று கீழே இருந்த மலிவானதைக் காட்டினான். எடுங்க தம்பி என்று மறுபடி சொன்னேன். எடுத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்ததும் அம்மா தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணுமில்லாத பொட்டிக்கா இவ்வளவு காசு?" என்றார்கள். அம்மா, பறைக்குள்ள மட்டும் என்ன இருக்கு என்று கேட்டேன். சிரித்துவிட்டார்கள்.

முகாமில் இரண்டு தம்பிகள் வாங்குவது பற்றி விசாரித்தார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் நடைமுறைச் செய்தி. முழுப் பலகையைச் செதுக்கிய கிட்டாருக்கு ஆசைப்படாதீர்கள். விலை பல மடங்கு. பிளைவுட் மாதிரி அடுக்கடுக்காக ஒட்டிய பலகையில் செய்தது வாங்குங்கள். அதை மட்டம் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். 1949இல் கிப்சன் வெளியிட்ட இஎஸ்-175 ஒட்டுப் பலகைதான். பெரிய பெரிய ஜாஸ் கலைஞர்கள் அதில்தான் வாசித்தார்கள். ஒட்டுப் பலகைக்கு இன்னொரு நன்மை உண்டு. கூடு உள்ள கிட்டாரை ஆம்ப் பக்கத்தில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினால், ஸ்பீக்கர் ஒலி பலகையை அதிரவைத்து, அந்த அதிர்வு மறுபடி பிக்கப்பில் புகுந்து ஊளையிடும். ஒட்டுப் பலகையில் அது குறைவு. ஊளையிட்டால் ஆம்புக்கு நேராக நிற்காமல் தள்ளிப் பக்கவாட்டில் உட்காருங்கள், எஃப் துளையில் கொஞ்சம் ஸ்பாஞ்ச் அடையுங்கள்.

நைலான் கம்பி போடாதீர்கள், காந்தம் அதைக் கண்டுகொள்ளாது. பழைய கம்பியை மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். ஒட்டாத பிரிட்ஜ் இடம் பெயர்ந்துவிடும், சுருதி கெட்டுவிடும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மாற்றியபின் பன்னிரண்டாவது கட்டையில் அழுத்திய சுரமும், அதே இடத்தில் தொட்டும் தொடாமலும் மீட்டிய சுரமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிரிட்ஜைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். இதற்கெல்லாம் குரு தேவையில்லை, காது போதும்.

கடைசியாக ஒரு யோசனை. வங்கிக்காரன் யோசனை, அதனால் கவிதை இருக்காது. வெஸ் தனியாகத்தான் வாங்கினார். நானும் தனியாகத்தான் கடன்பட்டேன். எனக்குச் சம்பளப் பட்டியல் இருக்கு, சங்கம் கடன் கொடுத்தது. இங்கே முன்வரிசையில் இருக்கிற தங்கைக்கு யார் கொடுப்பார்கள்? நிலம் இல்லை, நகை இல்லை, ஜாமீன் போட ஆள் இல்லை. அதனால் நம் கலைக்குழுக்கள் சேர்ந்து ஒரு பொதுக் கருவிச் சேமிப்பு தொடங்க வேண்டும். மாதம் ஆளுக்கு ஐம்பது ரூபாய். வரவு செலவுக் கணக்கை நான் எழுதுகிறேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சபையில் படிக்கிறேன். முதலில் இரண்டு நல்ல பறை, ஒரு உறுமி, ஒரு கிட்டார், ஒரு சின்ன ஆம்ப். யாருக்கு வேண்டுமோ கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம், நூலகத்தில் புத்தகம் எடுக்கிற மாதிரி. எடுத்துப் போகிறவர் ஒரே ஒரு வட்டி கட்டணும்: தான் கற்றதை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கணும். எட்டி டர்ஹம் சார்லிக்குக் காட்டின மாதிரி.

ஒரு நோட்டுப் புத்தகம் சுற்றுக்கு விட்டிருக்கிறேன். பெயரும் என்ன கருவி வேண்டும் என்பதும் எழுதுங்கள். கூச்சப்படாமல் எழுதுங்கள். பியானோ வேண்டுமென்றாலும் எழுதுங்கள், வாங்க முடிகிறதா என்று பிறகு பார்க்கலாம். கேள்வி கேட்ட தோழர் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார் என்று நினைக்கிறேன். மைக்கை அவரிடம் கொடுங்கள். இனி அவர் பேசட்டும், நாம் கேட்போம்.